தெர்மாமீட்டரை எங்கே வெட்டுவது?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தாயார் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்குப் பதினொரு வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. டி.எல்.பி எனும் இருமொழித் திட்ட வகுப்பு என்பதால் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். தமிழும் மலாயும் நன்றாக வருகிறது, செய்யுள் ஒப்புவிக்கும் போட்டியில் பரிசுகூட வாங்கியிருக்கிறான் என்கிறார். சிக்கல் ஆங்கிலத்தில்தான். சின்னச் சொற்களைச் சமாளித்துவிடுகிறான். நீளமான சொல் எதிர்ப்பட்டால் முதல் நான்கைந்து எழுத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடுகிறான். அறிவியல் புத்தகத்தில் ‘கான்ஸ்டலேஷன்’ என்று இருந்ததைக் ‘கான்ஸ்டபிள்’ என்று வாசித்தானாம். விண்மீன் கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் போலீஸ்காரர்.

பக்கத்து டியூஷனில் வாரத்துக்கு இருபது நீண்ட சொற்களைக் கொடுத்து, சாய்வுக்கோடு போட்டுப் பிரித்து வரச் சொல்கிறார்கள். பையன் தெர்மாமீட்டரை ‘தெர்மோ / மீட்டர்’ என்று இரண்டாக வெட்டினான். டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்து, ‘தெர் / மாம் / இ / டர்’ என்று நான்காக எழுதிக் கொடுத்தார். தாயார் சும்மா இருக்கவில்லை. ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லை இரண்டு அகராதிகளில் தேடிப் பார்த்தார். ஒன்றில் ‘எல்’ எழுத்துக்குப் பின்னால் வெட்டியிருந்தது, இன்னொன்றில் ‘டபிள்யூ’வுக்குப் பின்னால். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

இப்போது டியூஷன் நாள் வந்தால் பையனுக்கு வயிற்றுவலி. கணவர், ‘தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடலாம்’ என்கிறார். பேரங்காடி ஒன்றில் இருக்கும் வாசிப்பு மையம் பத்து நிமிடம் சோதித்துவிட்டு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் சிரமம் தரும் கற்றல் குறைபாட்டின் ‘அறிகுறி தெரிகிறது’ என்று சொல்லி, ஓராண்டு வகுப்புக்கு 3,600 ரிங்கிட்டை முன்கூட்டியே கட்டச் சொல்கிறது. மாமியாரோ, ‘நம் குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒன்றும் கிடையாது’ என்கிறார். ஓ.கே.யூ எனும் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளை வாழ்நாள் முழுக்க அந்த முத்திரையோடு திரிய வேண்டுமோ என்ற பயம் வேறு. எது சரியான வெட்டு, மகனுக்கு என்ன குறை, பள்ளியை மாற்றலாமா, பணத்தைக் கட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

தெர்மாமீட்டரில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதிப் பதில் அதற்குள் இருக்கிறது.

உங்கள் மகன் வெட்டியதும் சரி, டீச்சர் வெட்டியதும் சரி. டீச்சர் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படி வெட்டினார். பையன் அந்தச் சொல் எவற்றால் ஆனதோ அதைப் பார்த்து வெட்டினான். ‘தெர்மோ’ என்றால் வெப்பம். ‘மீட்டர்’ என்றால் அளக்கும் கருவி. தமிழில் வெப்பமானி என்கிறோமே, அதிலும் இதே இரண்டு துண்டுகள்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஐந்தாம் ஆண்டுப் பையன் இதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்றால், நான் அதற்குச் சிவப்பு மை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் டீச்சர் கேட்டது அசை. அதில் அவர் கொடுத்த விடை பிசகில்லாதது. ஆங்கிலேயர் ‘தெர்மோ’ என்று நிறுத்தி ‘மீட்டர்’ என்று சொல்வதில்லை. ‘மாம்’ என்ற இடத்தில் அழுத்திச் சொல்கிறார்கள். அந்த அழுத்தம் வந்ததும் நடுவில் இருக்கும் ‘எம்’ முன் துண்டோடு ஒட்டிக்கொள்கிறது.

ஒலிக்காக ஒரு வெட்டு, பொருளுக்காக ஒரு வெட்டு என்பது தமிழ் படித்த உங்களுக்குப் புதிதல்ல. ‘எழுத்தெல்லாம்’ என்ற சொல்லைச் செய்யுளில் அலகிட்டால் ‘எழுத் / தெல் / லாம்’. பொருள் சொல்லும்போது ‘எழுத்து’, ‘எல்லாம்’. முதல் வெட்டில் ‘தெல்’ என்று ஒரு துண்டு வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. மலாயிலும் இதே கதைதான். உணவு என்று பொருள்படும் ‘மாக்கானான்’ என்பதைச் சூக்கு காத்தாவாக, அதாவது அசையாகப் பிரித்தால் மா, கா, நான். இம்புஹான், அதாவது ஒட்டு பார்த்துப் பிரித்தால் சாப்பிடு என்னும் ‘மாக்கான்’, அதோடு ஓர் ‘ஆன்’. உங்கள் மகன் முதல் வெட்டை ஆண்டு ஒன்றிலேயே கற்றவன். இரண்டாவதையும் இலக்கணப் பாடத்தில் கற்றிருப்பான். ஆங்கிலத்தில் மட்டும் இந்த இரண்டையும் யாரும் அவனுக்குத் தனித்தனியாகக் காட்டவில்லை. இருபது சொற்களைக் கையில் கொடுத்து ‘பிரி’ என்றால், எந்தப் பிரிப்பு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வித்தியாசம் பிடிபட இரண்டு சின்னச் சொற்கள் போதும். ‘டைகர்’ இரண்டு அசை. ஆனால் பொருளுள்ள துண்டு ஒன்றுதான், அதற்கு மேல் உடையாது. ‘ஜம்ப்ட்’, அதாவது குதித்தான் என்பது, ஒரே அசை. அதில் துண்டு இரண்டு: குதி என்பது ஒன்று, இறந்தகாலம் காட்டும் கடைசி ‘ஈ–டி’ இன்னொன்று. இதை அவனிடம் விளையாட்டாகக் கேளுங்கள்.

அசையை எண்ணும்போது எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். ஒரு சொல்லில் எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை அசை. ‘பியூட்டிஃபுல்’லில் உயிரெழுத்து ஐந்து, அசை மூன்று. ‘மேக்’கில் உயிரெழுத்து இரண்டு, அசை ஒன்று, கடைசி ‘ஈ’ ஊமை. தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள், உயிரொலி வரும்போதெல்லாம் தாடை இறங்கிக் கையைத் தொடும். நானும் இப்படித்தான் சொல்லித் தருகிறேன், கருவி எதுவும் வேண்டாம்.

அகராதிகள் ஏன் அடித்துக்கொள்கின்றன?

நீங்கள் அகராதியில் பார்த்த புள்ளிகளும் கோடுகளும் அசையைக் காட்டுவதற்காகப் போட்டவை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மெரியம்–வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லில் இருக்கும் புள்ளி, அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை உடைக்க நேர்ந்தால் எங்கே உடைக்கலாம் என்று அச்சகத்துக்குச் சொல்லும் குறி. அதனால்தான் ‘ஐட்டம்’ போன்ற சொல்லில் புள்ளியே இருக்காது. வாய் இரண்டு அசையாகச் சொன்னாலும், ஒற்றை ‘ஐ’யை வரி முடிவில் தனியே தொங்கவிட அச்சுக்காரர்களுக்குப் பிடிக்காது. உச்சரிப்பைத் தெரிந்துகொள்ள அந்தத் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் உச்சரிப்புக் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

‘நாலெட்ஜ்’ விஷயம் இன்னும் பழைய சண்டை. அமெரிக்கர்கள் காதில் விழுவதை வைத்து ‘எல்’லுக்குப் பின்னால் உடைக்கிறார்கள். 1783இல் எழுத்துக்கூட்டுப் புத்தகம் போட்ட நோவா வெப்ஸ்டர் காலத்தில் இருந்தே அவர்களுக்கு அந்தப் பிடிவாதம். பிரிட்டிஷ் மரபு சொல்லின் அமைப்பைப் பார்க்கும். ‘நோ’, அதாவது அறி என்ற அடிச்சொல் உடையக் கூடாது என்று ‘டபிள்யூ’வுக்குப் பின்னால் வெட்டும். ஆக, உங்கள் மகனுக்கும் டீச்சருக்கும் நடந்த தகராறு அகராதிக்காரர்களுக்கு நடுவிலேயே இருநூறு ஆண்டுகளாக நடக்கிறது. ‘கம்ஃபர்டபிள்’ என்ற சொல்லை நான்கு அசையாகச் சொல்பவரும் உண்டு, மூன்றாகச் சொல்பவரும் உண்டு; அகராதி இரண்டையும் ஏற்கிறது. கோடு எங்கே விழுந்தது என்பதற்கு மார்க் போடுவதில் பெரிய பயன் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். வாசித்தானா, புரிந்ததா என்பதற்கு மார்க் போடலாம்.

டியூஷனில் சொல்லித் தரும் விதிகளைக் குறை சொல்லவில்லை. அவற்றில் பல, அமெரிக்காவில் 1930களில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் வாசிப்புச் சிரமமுள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையின் வழியில் வந்தவை. ஆனால் விதிக்கும் எல்லை உண்டு. இரண்டு உயிருக்கு நடுவில் இரண்டு மெய் வந்தால் அவற்றுக்கு இடையே வெட்டு என்பது ஒரு விதி: ‘நாப்–கின்’, ‘ராப்–பிட்’. ஒரே மெய் வந்தால் அதற்கு முன்னால் வெட்டு என்பது இன்னொன்று: ‘டை–கர்’, ‘ரோ–பாட்’. சரி, ‘கேபின்’? அது ‘கேப்–இன்’. ‘லெமன்’? அது ‘லெம்–அன்’. டெவின் கர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிள்ளைகள் வாசிக்கும் சொற்களை வைத்து இந்த விதிகளைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார். முதல் விதி ஓரளவு தாக்குப்பிடித்தது. இரண்டாவது அடிக்கடி சறுக்கியது. அதனால் ஒற்றை மெய் வரும் இடத்தில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஒரு பக்கம் வெட்டிச் சொல்லிப் பார், கேட்ட சொல் மாதிரி இல்லையா, மறுபக்கம் வெட்டிப் பார்.

கான்ஸ்டபிள் எப்படி வந்தார்?

கான்ஸ்டலேஷனைக் கான்ஸ்டபிள் என்று வாசித்ததைக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் முன்பகுதியைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான். அதற்குப் பிறகு எப்படிப் போவது என்று வழி தெரியாததால் தெரிந்த சொல் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டான். மலாயில் இந்தப் பிரச்சினை அவனுக்கு வராது. அங்கே எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சூக்கு காத்தாவை இடமிருந்து வலமாகக் கோத்துக்கொண்டே போனால் சொல் வந்துவிடும். தமிழிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக மட்டும் போனால் பாதி வழியில் மாட்டிக்கொள்வான். முதலில் வாலைப் பார்க்க வேண்டும்.

சாலையோரத்தில் வேலை நடக்கும் இடங்களில் ‘கெதிடாக்செலெசாஆன்’ (அசௌகரியம்) என்று எழுதி மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அவ்வளவு நீளத்தைக் கண்டு உங்கள் மகன் பயப்பட மாட்டான். முன்னால் ‘கெ’, பின்னால் ‘ஆன்’, நடுவில் ‘திடாக்’, ‘செலெசா’ என்று கண் தானாகப் பிரித்துவிடும். ஆங்கிலத்து ‘அன்கம்ஃபர்டபிள்’ அதே கட்டுமானம்தான். முன்னால் இல்லை என்னும் ‘அன்’, நடுவில் ‘கம்ஃபர்ட்’, பின்னால் ‘ஏபிள்’. இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதிக் காட்டுங்கள். மலாயில் தனக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் இங்கேயும் கேட்கிறார்கள் என்பது அவனுக்கு உறைக்கட்டும்.

வீட்டில் செய்வதற்கு

டியூஷன் பட்டியல் வேண்டாம். அவனுடைய அறிவியல் புத்தகத்தில் அந்த வாரம் வரும் மூன்று சொற்களை எடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ‘கன்டென்சேஷன்’ என்ற சொல்லை வைத்து, நான் பிள்ளைகளோடு உட்காரும்போது எப்படிச் செய்வேன் என்று எழுதுகிறேன்.

முதலில் சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள். பொருளையும் சொல்லுங்கள். குளிர்ந்த மைலோ கிளாஸின் வெளிப்புறத்தில் நீர் கோக்கிறதே, அதுதான். பலர் இதை ஏமாற்று வேலை என்று நினைக்கிறார்கள். காதில் ஒருமுறைகூட விழாத சொல்லை எவ்வளவு அழகாக வெட்டினாலும் பிள்ளையால் அது சரிதானா என்று சரிபார்க்க முடியாது. ஆங்கிலம் பேசாத வீட்டில் இது இன்னும் முக்கியம்.

அடுத்து, வால். ‘டி–ஐ–ஓ–என்’ என்று முடியும் சொற்கள் அறிவியல் புத்தகத்தில் நிறைய. அது ஒரே துண்டு, பெரும்பாலும் ‘ஷன்’. பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போடட்டும். அதற்கு முன் ‘ஏ’ எழுத்து இருந்தால் சேர்த்து ‘ஏஷன்’. மலாயில் ‘கொண்டென்சாசி’, ‘போப்புலாசி’, ‘இன்ஃபோர்மாசி’ என்று ‘ஆசி’யில் முடிவதெல்லாம் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஏஷன்’ ஆகிவிடும் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் இதைக் கேட்டதும் தாங்களே பத்து சொல் கொண்டுவருவார்கள்.

பிறகு தலை. ‘கன்’ என்ற முன்னொட்டு. அதையும் வட்டமிடுங்கள். நடுவில் மிஞ்சுவது ‘டென்ஸ்’, அதாவது அடர்ந்த. வாயுவாக இருந்தது அடர்ந்து நீராகிறது. பொருள் துண்டு இத்தோடு முடிந்தது.

இப்போது ஒலித் துண்டு. உயிரெழுத்துகளுக்குக் கீழே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு உயிர் சேர்ந்து ஒரே ஒலி தந்தால் ஒரே புள்ளி, ஊமை ‘ஈ’க்குப் புள்ளி கிடையாது. ‘ஷன்’ வட்டத்துக்கும் ஒன்றே. நான்கு புள்ளி வரும். கன், டென், சே, ஷன். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை. ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்திய அசையில் அழுத்தம் விழும், இது ஆங்கிலத்தில் நம்பக்கூடிய சில விதிகளில் ஒன்று. கன்டென்சேஷனில் ‘சே’, கான்ஸ்டலேஷனில் ‘லே’, இவேப்பரேஷனில் ‘ரே’. அழுத்தம் சரியாக விழுந்துவிட்டால் மற்ற அசைகள் கொஞ்சம் தேய்ந்தாலும் சொல் சொல்லாகக் கேட்கும்.

தேய்வது என்றேன். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். தமிழில் எழுதிய உயிரை முழுதாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையின் உயிர் மங்கி ஒரு சோம்பல் ஒலியாகிவிடும். ‘பனானா’வில் மூன்று ‘ஏ’ எழுத்து இருந்தும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் நடுவில் இருப்பது மட்டும்தான் முழுதாக ஒலிக்கிறது. இதற்கும் மலாய் கைகொடுக்கும். ‘பெசார்’ என்பதில் வரும் ‘ஈ’ எழுத்தை ‘சாத்தே’யில் வருவது போலவா சொல்கிறோம்? அதுதான் பள்ளியில் சொல்லித் தரும் ‘எ பெப்பெட்’. மலாயில் அந்த எழுத்துக்கு நடப்பது ஆங்கிலத்தில் எந்த உயிரெழுத்துக்கும் நடக்கும் என்று சொன்னால் போதும், உங்கள் மகனுக்குப் புரிந்துவிடும்.

துண்டு கிடைக்காத சொற்களும் உண்டு. ‘ஹெலிகாப்டர்’ கிரேக்கத்தில் ‘ஹெலிகோ’, ‘ப்டெர்’ என்று, சுருளும் இறக்கையுமாக உடைகிறது. இது சுவாரசியமான செய்தி, ஆனால் வாசிக்க உதவாது. அங்கே நேராக அசைக்குப் போய்விடுங்கள்.

டிஸ்லெக்சியாவா?

ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சொல்ல முடியாது. பத்து நிமிடச் சோதனையை வைத்து அந்த மையத்தாலும் சொல்ல முடியாது. இதில் உங்களிடமும் உங்கள் மாமியாரிடமும் ஒன்றிரண்டு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

செய்யுள் ஒப்புவித்தலில் பரிசு வாங்கினான், அதனால் தமிழ் வாசிப்பு நன்று என்று எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடம் வேறு, வாசிப்பு வேறு. வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைகள் சிலர் அபாரமாக மனப்பாடம் செய்வார்கள். அதை வைத்துத்தான் வகுப்பில் சமாளிப்பார்கள். எனவே அவன் பார்த்திராத ஒரு தமிழ்ச் செய்தியை நாளிதழில் இருந்து எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ், மலாய் போல எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தப்பாக வாசிப்பதைவிட மிக மெதுவாக, எழுத்துக்கூட்டி, களைத்துப்போய் வாசிப்பதைத்தான் அதிகம் காணலாம். அவன் வயதுப் பிள்ளைகளைப் போலச் சரளமாக ஓடுகிறதா? அப்படியென்றால் ஆங்கிலத்தில் வழிமுறை சொல்லித் தரப்படாததே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழிலும் நத்தை வேகம், எழுதினால் எழுத்து விடுபடுகிறது என்றால் தள்ளிப் போடாமல் முறையாகப் பரிசோதியுங்கள்.

‘நம் குடும்பத்தில் கிடையாது’ என்பதை நான் அவ்வளவு நம்ப மாட்டேன். டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வரக்கூடியதுதான். ஆனால் தோட்டத்துப் பள்ளியை இரண்டாம் மூன்றாம் வகுப்போடு விட்டு வேலைக்குப் போன தாத்தாக்களுக்கு யார் பெயர் வைத்துப் பார்த்தார்கள்? ‘படிப்பு ஏறவில்லை’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

வழி இதுதான். கண்ணையும் காதையும் முதலில் பாருங்கள். பாதிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வகுப்பாசிரியரிடமும் பெமுலிஹான் (குறைநீக்கல்) ஆசிரியரிடமும் பேசுங்கள். பள்ளியில் டிஸ்லெக்சியாவுக்கான சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. அது முதற்கட்ட வடிகட்டல் மட்டும்தான், முடிவு அல்ல. சந்தேகம் நீடித்தால் அரசு சுகாதாரக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கலாம். போகும்போது தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்று மொழி நோட்டுப் புத்தகங்களையும் கொண்டுபோங்கள். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் மொழி தெரியாததும் குறைபாடும் ஒன்றாகத் தெரியும்.

ஓ.கே.யூ அட்டையைப் பற்றிய பயம் புரிகிறது. பரிசோதனை செய்வதும் அட்டை எடுப்பதும் ஒன்றல்ல. சமூக நலத்துறையில் பதிவது உங்கள் விருப்பம், கட்டாயமில்லை. டிஸ்லெக்சியா அங்கே கற்றல் சிக்கல் என்ற பிரிவில் வரும். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பொதுக் கல்வியில் இருந்து விலக்கக் கூடாது என்கிறது. பின்னாளில் எஸ்.பி.எம் போன்ற தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் வழி இருக்கிறது, அதற்குப் பரிசோதனை ஆவணம் கையில் இருக்க வேண்டும். அட்டை எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு தெரிந்த பிறகு, பையனையும் கேட்டு யோசித்துக்கொள்ளலாம்.

பள்ளி மாற்றமும் அந்த 3,600 ரிங்கிட்டும்

தேசியப் பள்ளியில் போதனா மொழி மலாய். ஆங்கிலம் அங்கேயும் ஒரு பாடம்தான். நீண்ட ஆங்கிலச் சொல்லை வாசிக்கத் தெரியாததற்கு ஐந்தாம் ஆண்டு நடுவில் பள்ளியை மாற்றினால், நண்பர்களையும் தமிழையும் இழப்பான், கான்ஸ்டபிள் கூடவே வருவார். டி.எல்.பிதான் சுமை என்று நினைத்தால், அது பெற்றோர் சம்மதத்தோடு நடக்கும் திட்டம். உங்கள் பள்ளியில் டி.எல்.பி இல்லாத வகுப்பும் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நான் அவசரப்பட மாட்டேன். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழைய பதற்றம் இன்னும் நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் கட்டாதீர்கள். சோதித்தவரே மருந்தும் விற்கிறார் என்றால் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. சோதித்தவரின் தகுதி என்ன, எந்தக் கருவியைக் கொண்டு சோதித்தார், எழுத்தில் அறிக்கை தருவார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். கணவர் ஏற்கெனவே கட்டியிருந்தால் பதற வேண்டாம். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இதைப் பெற்றோர்களுக்கு அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது: இனிமேல் தரப்போகும் சேவைக்காகப் போட்ட ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி மொத்தத் தொகையில் 5 விழுக்காடு, அதோடு நடந்து முடிந்த வகுப்புகளுக்கும் நீங்கள் வைத்துக்கொண்ட பொருள்களுக்கும் உரிய தொகை, இவ்வளவுதான் அவர்கள் பிடிக்கலாம். 3,600இல் 5 விழுக்காடு 180 ரிங்கிட். ரத்து செய்வதை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டினால் அசராதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

டியூஷன் டீச்சரிடம் அடுத்த வகுப்புக்கு முன் பையன் இல்லாமல் தனியாகப் பேசுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், அவர் கொடுத்த விடை தவறில்லை. இருபது சொல்லை ஐந்தாகக் குறைக்க முடியுமா, ஒலிக்குப் பிரிக்க வேண்டுமா பொருளுக்குப் பிரிக்க வேண்டுமா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதிக் கொடுக்க முடியுமா, கோட்டுக்குப் பதிலாக வாசித்துக் காட்டுவதற்கு மார்க் போட முடியுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு மாதம் பாருங்கள். மாட்டேன் என்றால் நிறுத்திவிட்டு அந்த நேரத்தை வீட்டில் நான் சொன்ன பத்து நிமிடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்த வயிற்றுவலி: டியூஷன் நின்ற பிறகும், பள்ளி விடுமுறையிலும் வருகிறது என்றால் அது இந்தக் கணக்கில் சேராது, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.